நிலம் யாருடையது என்னும் பாடம்

நார்டன் ஸ்ப்ரிங்ஸ், அயோவா
17 ஜனவரி 1985

அன்புள்ள லவான்,

நேற்று மாலை பள்ளிக்கூட நூலகத்தில் இருந்தவர்கள்: முதல்வர் ஹ்ருஷ்கா, பள்ளிக் குழுவின் சார்பில் தானியக் கிடங்கு நடத்தும் பென்னிங், உன் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒன்பது பேர் (வாஸ் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை), வெந்நீர்க் குழாயைப் பார்க்க வந்து கூட்டத்தையும் பார்த்துவிட்டுப் போன காவலாளி, கடைசி நாற்காலியில் நான். உன் அண்ணன் உள்ளே வராமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் உன் அமெரிக்க இலக்கியப் பாடத்தைப் பற்றி.

பென்னிங்தான் முதலில் எழுந்தார். "எம் பொண்ணைக் கேட்டேன், இந்த நாட்டுல முதல்ல எழுதினவங்க யாரு, அதுக்கப்புறம் யாருன்னு. 'அப்படி வரிசையெல்லாம் கிடையாதுப்பா, எங்களுக்கு நாலு கேள்விதான்'ங்கறா. முந்நூறு வருஷத்து எழுத்தை நாலு கேள்விக்குள்ள திணிச்சா அதுக்குப் பேரு பாடமா? சர்ச் விருந்துல ஆளாளுக்குக் கொண்டுவந்த சட்டியை ஒரே மேஜையில வைக்கிற மாதிரில்ல இருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னித்துக்கொள்.

ஓர் அம்மாள், "கப்பல்ல வந்து இறங்கினவங்களும் ரயில் பாதை போட்டவங்களும் ஒரே காலத்து ஆளுங்கன்னு எம் பையன் நினைச்சுக்கிட்டிருக்கான்" என்றாள். கல்லூரி நுழைவுத் தேர்வில் கருப்பொருளா கேட்பார்கள், வருஷம்தானே கேட்பார்கள் என்றார் இன்னொருவர். ஹ்ருஷ்கா என் பக்கம் திரும்பி, "நீங்கதானே இப்ப நடத்துறீங்க, நீங்க என்ன சொல்றீங்க மிஸஸ் ஹால்வர்சன்?" என்றார்.

"நான் நடத்தலைங்க, பாத்துக்கிட்டிருக்கேன். அவ திரும்பி வந்ததும் அவளையே கேளுங்க" என்றேன்.

உண்மை அதுதானே. நவம்பரில் நீ ஆபரேஷனுக்குப் போனபோது ஹ்ருஷ்கா என் வாசலில் வந்து நின்று, "மூணு வாரம்தான், பிள்ளைங்களை உக்கார வச்சிருந்தா போதும்" என்றார். ஊரில் வேறு ஆள் அகப்படவில்லை. பள்ளியிறுதி வரை படித்த நான், மற்றதையெல்லாம் நூலக வண்டி கொண்டுவந்த புத்தகங்களிலிருந்து எடுத்துக்கொண்டவள், இன்னும் அங்கே நின்றுகொண்டிருக்கிறேன்.

முடிவு இதுதான். மார்ச் 14, வியாழக்கிழமை, பள்ளிக் குழு கூடுகிறது. அதற்குள் நீ அடுத்த வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, நேரில் வந்து உன் முறையை விளக்க வேண்டும். இல்லையென்றால் இலையுதிர் காலத்திலிருந்து வருஷ வரிசைப் பாடப் புத்தகம் வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கேள்விக்கு ஒன்றாக நீ விட்டுச் சென்ற நான்கு பழுப்பு உறைகளில் "பாவி என்று யார் சொல்வது" நீயே முடித்தது. நான் எடுத்தது "யார் வீட்டை விட்டுப் போகிறார்கள்". உள்ளே இருந்த தாள்கள் முன்பின்னாகக் கலைந்து கிடந்தன. கை சும்மா இருக்கவில்லை, எல்லாவற்றையும் வருஷப்படி அடுக்கிவிட்டேன். அடுக்கிய பிறகு, அந்தக் கலைசலே வேண்டுமென்று செய்ததோ என்று சந்தேகம். செய்தது தப்பா?

உன் அண்ணன் உனக்கு எதுவும் சொல்லச் சொல்லவில்லை. "அக்கம்பக்கத்து வேலியெல்லாம் பிடுங்கி முடிச்சதும் சொல்லு, வந்து பாக்கறேன்" என்று இரண்டு வருஷத்துக்கு முன் நன்றியறிதல் நாள் சாப்பாட்டில், அவர் நிலம் வாங்கிச் சேர்ப்பதைக் குத்தி நீ சொன்னதை அவர் இன்னும் மென்றுகொண்டிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். கர்த்தர் உன்னோடிருப்பாராக.

ஆர்டிஸ்

*

மினியாபொலிஸ்
24 ஜனவரி

அண்ணி,

தப்புதான். தக்காளி பாட்டில்களை அடுக்குகிற மாதிரி அடுக்கியிருக்கிறீர்கள், பழையது முன்னால், புதியது பின்னால். பரவாயில்லை. கலைத்துவிடுங்கள், சீட்டுக் கட்டைக் கலைப்பதுபோல. அதற்குக்கூட முறை இருக்கிறதா என்று கேட்டு எழுதாதீர்கள்.

பென்னிங்குக்கு என்ன பதில் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், கை பழகிவிட்டது. நானும் முதல் எட்டு வருஷம் வருஷ வரிசையில்தான் நடத்தினேன். செப்டம்பரில் கப்பலை விட்டு இறங்குவோம். கிறிஸ்துமஸுக்குள் சுதந்திரம். அதற்கப்புறம் பனிப்புயல் விடுமுறை, காய்ச்சல், கூடைப்பந்துப் போட்டி. மே மாதம் வந்து மணி அடிக்கும்போது நாங்கள் உள்நாட்டுப் போரைத் தாண்டியிருக்க மாட்டோம். இந்த மண்ணைத் தங்கள் தாத்தாமார் உழுத காலத்தைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதியிருக்கிறார்கள் என்பதே தெரியாமல் பிள்ளைகள் வெளியே போனார்கள். எட்டு வருஷமும் அப்படியே. அதனால்தான் கேள்விகள். பாவி என்று ஒருவரை ஊர்த் தெருவில் நிறுத்திச் சாபமிட்ட பழைய பிரசங்கத்தையும், தொழிற்சாலையில் திருடியதாகப் பெயர் வாங்கிய ஒரு பெண்ணின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இருநூறு வருஷம் தானாகச் சுருங்கும். பிள்ளைகளே வருஷம் கேட்பார்கள். அவர்கள் கேட்கும்போது சொன்னால் மறக்காது.

இதை ஒவ்வொரு இரண்டாம் வருஷமும் ஒரு பென்னிங்குக்குச் சொல்லியாகிவிட்டது. வாய் வலிக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள் என்கிறீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. தையல் பிரித்து, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லி நாலு வாரமாகிறது. காலையில் எழுந்து தோழி வீட்டு மாடி ஜன்னலில் உட்கார்ந்தால் மத்தியானம் வந்துவிடுகிறது. படிக்கப் பிடிக்கவில்லை. சாக்பீஸ் வாசனையை நினைத்தாலே படுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவ்வளவுதான். இதற்கு மருந்துக் கடையில் ஒன்றும் கிடைக்காது.

பிள்ளைகளிடம் பதிலை மட்டும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.

லவான்

*

நார்டன் ஸ்ப்ரிங்ஸ்
9 பிப்ரவரி

அன்புள்ள லவான்,

பதிலைச் சொல்லிக்கொடுக்காதே என்று நீ எழுதிய கடிதம் வந்தபோது நான் சொல்லிக்கொடுத்து முடித்திருந்தேன்.

எனக்குத் தெரிந்த வகுப்பு, பிள்ளைகளைச் சபையில் சேர்க்குமுன் வேத வினாவிடை படிக்க வைக்க, சர்ச்சில் நான் இருபது வருஷம் நடத்திய திடப்படுத்தல் வகுப்பு ஒன்றுதான். அங்கே கேள்வி கேட்போம், பிள்ளை எழுந்து நின்று மனப்பாடப் பதிலைச் சொல்லும், அடுத்த பிள்ளை. அதையே இங்கேயும் செய்தேன். "இந்தக் கதையின் கருப்பொருள் என்ன?" "வீட்டை விட்டுப் போதல், மிஸஸ் ஹால்வர்சன்." "அதனால் நாம் அறிவது?" "போகிறவர் துணிச்சல்காரர், மிஸஸ் ஹால்வர்சன்." பதினேழு பேரும் கணீரென்று சொன்னார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. போன வாரம் கட்டுரை எழுதச் சொன்னேன். பதினேழு தாளிலும் ஒரே வாக்கியம். கர்ட் நீமையர் கையைத் தூக்கி, "பரீட்சைக்கு இதே போதுமா? இல்ல, ஆமென் சேர்க்கணுமா?" என்று கேட்டான். வகுப்பே மேஜையில் தட்டிச் சிரித்தது. அவனை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். அவன் சொன்னதில் தப்பில்லாததால் அனுப்பவில்லை.

டார்லா வாஸ் மட்டும் சிரிக்கவில்லை. மூன்றாம் வரிசைப் பெண், எப்போதும் அப்பாவின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு வருபவள், உனக்குத் தெரியும். மணி அடித்த பிறகு வந்து நின்றாள்.

"நீங்க குடுத்ததுல போறவங்க எல்லாரும் தானா போறாங்க மிஸஸ் ஹால்வர்சன். போகச் சொன்னவங்க கதை எதுவும் இல்லையா?"

"இருக்கும்மா, அடுத்த உறையில இருக்கு" என்று சொல்லிவிட்டேன். என்ன சொல்கிறேன் என்று யோசிக்கவில்லை.

அடுத்த உறை "நிலம் யாருடையது". வாஸ் பண்ணை ஏலத்துக்கு வருகிறது, லவான். இருபத்து மூன்றாம் தேதி, சனிக்கிழமை. எந்திரங்கள், மாடுகள், கிழக்கு எண்பது ஏக்கர். வங்கி இனிமேல் பொறுக்காதாம். லெஸ்டர் வாஸ் சர்ச்சுக்கு வருவதை நிறுத்தி மூன்று ஞாயிறு ஆகிறது. அந்தப் பெண்ணை மூன்றாம் வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு நிலம் யாருடையது என்று எப்படிக் கேட்பேன்? இந்த உறையைத் தாண்டிவிட்டு நான்காவதற்குப் போகட்டுமா? நீ வந்துவிட்டால் இந்தக் கேள்வியே எனக்கு வேண்டாம்.

உன் உடம்புக்கு ஒன்றுமில்லை என்ற வரியை மூன்று தரம் படித்தேன். பிள்ளைகளிடம் நீ இன்னும் தேறவில்லை என்றுதான் சொல்லி வருகிறேன். ஞாயிறு ஆராதனையில் நோயாளிகளுக்கான ஜெபத்தில் பாஸ்டர் உன் பெயரையும் வாசிக்கிறார். எடுத்துவிடச் சொல்லவா? இல்லாத நோய்க்காக ஜெபிக்கச் சபையை நிற்க வைப்பது எனக்கு உறுத்துகிறது.

ஆர்டிஸ்

*

மினியாபொலிஸ்
14 பிப்ரவரி

அண்ணி,

பெயர் பட்டியலிலேயே இருக்கட்டும். களைப்புக்கு அவர்களிடம் தனி ஜெபம் இருக்காது.

தாண்டிவிடுங்கள். நான் இருந்தாலும் தாண்டியிருப்பேனோ என்னவோ. அந்த உறையை நான் தொகுத்தபோது நிலம் என்பது ஒரு நல்ல கருப்பொருள். பூர்வகுடித் தலைவர் ஆற்றங்கரையை எழுதிக்கொடுத்த நாளில் பேசிய பேச்சு, புல்வெளியில் மண்குடிசை கட்டிய பெண்ணின் குறிப்புகள், ஏலம் போன வீட்டில் பக்கத்து வீட்டார் அடுப்புக்கு விலை கேட்கிற சின்னக் கதை. பிள்ளைகள் நன்றாகப் பேசினார்கள். நிலம் எல்லார் வீட்டிலும் இருந்ததால் அதைப் பற்றிப் பேசுவது சுலபமாக இருந்தது. இப்போது ஒவ்வொரு செப்டம்பரிலும் வருகைப் பதிவேடு மெலிந்துகொண்டே வருகிறது. முப்பத்தொரு பேரோடு தொடங்கினேன். இப்போது உங்களிடம் பதினேழு. நான் எதைப் பாடமாக நடத்துகிறேனோ அது என் அறைக் கதவு வழியாக லாரி ஏறிப் போகிறது. நான் அதற்குத் தலைப்பு எழுதிக்கொண்டு நிற்கிறேன். இதுதான் என் வியாதி. பாஸ்டரிடம் வேண்டுமானால் சொல்லுங்கள்.

இதோடு ஓர் உறை வைத்திருக்கிறேன். ராஜினாமா. ஹ்ருஷ்காவிடம் கொடுத்துவிடுங்கள். தபாலில் நேராக அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் அன்றைக்கே தொலைபேசியில் கூப்பிடுவார். அவரோடு பேச எனக்குத் தெம்பில்லை.

பாடப் புத்தகம் வரட்டும். கப்பலை விட்டு இறங்கட்டும்.

லவான்

*

நார்டன் ஸ்ப்ரிங்ஸ்
25 பிப்ரவரி

அன்புள்ள லவான்,

உன் உறை என் தையல் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. கொடுக்கவில்லை. கொடுக்காததற்குக் காரணம் சொல்லவே இந்தக் கடிதம்.

சனிக்கிழமை ஏலம் நடந்தது. எந்த ஏலமானாலும் சாப்பாட்டுக் கடை போடுவது நம் சர்ச் பெண்கள்தானே. வாஸ் வீட்டு எந்திரக் கொட்டகையிலேயே போட்டோம். காபி, இறைச்சி பன், வீட்டில் சுட்ட பழப் பலகாரமாக ஆப்பிள் பை, செர்ரி பை. லெஸ்டரின் மனைவி ஜோயன் போன வருஷம் வரை எங்களோடு நின்று பரிமாறியவள். அவள் வீட்டின் மேல்மாடித் திரை மூடியே இருந்தது.

குளிர் எலும்பைக் குடைந்தது. ஆட்கள் கையை உதறிக்கொண்டு வந்து காபி வாங்கி, வாயைத் திறக்காமல் குடித்துவிட்டு, திரும்பப் போய் நின்றார்கள். ஏலக்காரன் ஒருவன் குரல்தான். பதினொரு மணி வாக்கில் டார்லா வந்தாள். அதே கோட்டு. என் எதிரில் நின்றாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை, லவான். நான்கு மாதமாக அவள் கட்டுரைகளைத் திருத்துகிறேன்.  பை வெட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆப்பிளா, செர்ரியா?" என்று கேட்டேன்.

"எதுன்னாலும் சரி மிஸஸ் ஹால்வர்சன்" என்றாள். அவள் தட்டை வாங்கிக்கொண்டு போகும்போது வெளியே ஏலக்காரன் கிழக்கு எண்பதை முடித்தான். வாங்கியவர் பெயரைச் சொன்னான்.

ஆரின் ஹால்வர்சன்.

எனக்குத் தெரியாது. கர்த்தர் சாட்சி. உன் அண்ணன் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கொட்டகையில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் துடைக்க ஆரம்பித்தார்கள், துடைத்த மேஜையையே.

திரும்பும் வழியில் கேட்டேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா என்ன செஞ்சிருப்ப? ஜெபம் பண்ணியிருப்ப."

"அந்தப் பொண்ணு என் வகுப்புல இருக்கா."

"இருக்கட்டுமே. நான் வாங்கலைன்னா ஊர் பேர் தெரியாத பல் டாக்டர் ஒருத்தன் வாங்குவான். நானாவது உழுவேன். விலையை நான் அடிச்சுக் குறைக்கலை. கூட்டிக் கேட்டது நான் ஒருத்தன்தான், தெரியுமா? லெஸ்டரே வந்து கை குடுத்தான்."

"கை குடுத்தா சரியாப் போச்சா?"

"வேற எதைக் குடுக்கச் சொல்ற அவனை?"

 வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கழுவிவைத்தேன்.

இன்றைக்கு டார்லா பள்ளிக்கு வரவில்லை. "நிலம் யாருடையது" உறையை நான் தாண்டவும் முடியவில்லை. அடுத்த உறை அதுதான் என்று அந்தப் பெண்ணிடம் வாயால் சொல்லியிருக்கிறேன். திறக்கவும் முடியாது. வாங்கினவன் பெண்டாட்டி எந்த முகத்தோடு அந்தத் தாள்களைக் கொடுப்பாள்? அதனால்தான் உன் ராஜினாமாவைக் கொடுக்கவில்லை. நீ வா. அடுத்த புதன்கிழமை, மார்ச் 6, அந்தப் பாடம் தொடங்க வேண்டும். ஒரு பாடம் மட்டும் வந்து நடத்திவிட்டு அப்புறம் நீயே உன் கையால் கொடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆர்டிஸ்

*

மினியாபொலிஸ்
1 மார்ச்

அண்ணி,

கிழக்கு எண்பதா. ஓடை திரும்புகிற இடம். சின்ன வயதில் நானும் ஆரினும் அங்கே வாஸ் வீட்டுப் பிள்ளைகளோடு சறுக்கி விளையாடியிருக்கிறோம். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

வர மாட்டேன்.

களைப்பால் மட்டுமில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டேன், தெரியுமா? இரண்டு சட்டை மடித்தேன். அப்புறம் யோசித்தேன். நான் போய் அங்கே நின்றால் கரும்பலகையின் மூலையில் என்ன பெயர் எழுதுவேன்? மிஸ் ஹால்வர்சன். நான் கல்லூரிக்குப் போன பணம் எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்தில் இன்னொருவர் நிலம் ஏலத்துக்கு வந்தபோது அப்பா வாங்கிய வடக்கு வயலிலிருந்து. ஆரினை அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் ஏசியது நான்தான். அந்த மேஜையில் வைத்திருந்த ரொட்டியைத் தின்றுகொண்டேதான் ஏசினேன். நீங்கள் சுத்தமான கைக்காரி ஒருத்தியைத் தேடுகிறீர்கள். அது நானில்லை. இந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேரில் உங்கள் கைதான் சுத்தம். நீங்கள் பை வெட்டினீர்கள், அவ்வளவே.

தாண்டச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். நடத்துங்கள். யார் வாங்கியது என்று நீங்கள் முதலில் சொல்லிவிடுங்கள். தொள்ளாயிரம் பேர் ஊரில் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கப் போவதில்லை. ஆனால் நீங்கள் சொல்லிக் கேட்க வேண்டும். அப்புறம் உட்கார்ந்துவிடுங்கள். நிற்காதீர்கள். நிற்கிற ஆளிடம் பிள்ளைகள் பதில்தான் சொல்வார்கள்.

என் உறையைக் கொடுத்துவிடுங்கள். அது உங்களுடையதில்லை.

லவான்

*

நார்டன் ஸ்ப்ரிங்ஸ்
9 மார்ச்

அன்புள்ள லவான்,

கொடுத்துவிட்டேன். நேற்று, வெள்ளிக்கிழமை காலை, ஹ்ருஷ்கா கையில். நீ சொன்னது சரி, அது என்னுடையதில்லை. அடுத்தவர் தபாலை இரண்டு வாரத்துக்கு மேல் இழுப்பறையில் பூட்டிவைத்தது எனக்கே கேவலமாக இருந்தது. அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வியாழக்கிழமை குழுவுல வைக்கற வரைக்கும் இது என் மேஜையிலதான் இருக்கும். எழுதினவங்களே வந்து கேட்டா திருப்பிக் கொடுத்துருவேன். வேற யார் கேட்டாலும் மாட்டேன், நீங்க கேட்டாலும்" என்றார். நான் கேட்கவில்லை.

இனி புதன்கிழமையைச் சொல்கிறேன்.

டார்லா வந்திருந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். நான் முன்னால் நின்று, "வாஸ் வீட்டுக் கிழக்கு எண்பது ஏக்கரை வாங்கினது என் வீட்டுக்காரர். உங்க எல்லாருக்கும் தெரியும். நான் சொல்லலைன்னு இருக்கக் கூடாது" என்றேன்.  நீ சொன்னபடி உட்காரப் போனால் காலி இருக்கை ஒன்றுதான் இருந்தது, டார்லாவுக்குப் பின்னால். அங்கே போய் உட்கார்ந்தேன்.

பூர்வகுடித் தலைவரின் பேச்சைக் கர்ட் வாசித்தான். வழக்கமாகக் கிண்டல் குரலில் வாசிப்பவன், அன்றைக்கு நேராக வாசித்தான். ஆற்றங்கரையை விட்டுக் கொடுத்த நாளில் கூடியிருந்த வெள்ளைக்காரர்களைப் பார்த்து அவர், இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை என்கிறார் அல்லவா, அந்த இடத்தில் டார்லா திரும்பாமலே கேட்டாள்.

"அவருக்கும் யாராவது பை குடுத்தாங்களா?"

 எனக்குக் கன்னம் எரிந்தது. பேச வேண்டாம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். எத்தனை கஷ்டம் தெரியுமா அது, இருபது வருஷம் பதில் சொல்லிக்கொடுத்த வாய்க்கு.

கர்ட்தான் முதலில் பேசினான். "அவங்க என்ன செஞ்சிருக்கணும்ங்கற? ஒருத்தரும் வாங்காம இருந்தா உங்கப்பா கடன் குறைஞ்சிருமா?"

"வாங்க வேணாம்னு நான் சொல்லலை."

"பின்னே?"

"எல்லாரும் அங்க இருந்தாங்க. நீயும் இருந்த. எங்க ட்ராக்டர் சக்கரத்தை உதைச்சுப் பாத்துக்கிட்டு நின்ன. என்னைப் பாத்ததும் தொப்பியை இறக்கிக்கிட்ட."

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை."

"'என்ன சொல்றதுன்னு தெரியலை'ன்னு சொல்லியிருக்கலாம்ல?"

 கர்ட்டின் காது சிவந்தது. அப்புறம் பென்னிங்கின் மகள், சுத்தமாக எதிர்பார்க்காத பெண், கை தூக்காமலே பேசினாள். "எங்கப்பா கிடங்குல தானியம் வாங்கறார். அவர் விலை சொல்றப்ப யாருமே அவர் முகத்தைப் பாக்க மாட்டாங்க. வீட்டுக்கு வந்தும் அவர் பேச மாட்டார்." அதோடு நிறுத்திவிட்டாள். இந்தத் தலைவர் எந்த வருஷம் பேசினார் என்று யாரோ கேட்டார்கள். சொன்னேன். அப்போ நம்ம ஊர் வந்து எத்தனை வருஷம் என்று இன்னொருவன். கணக்குப் போட்டார்கள், தாங்களாகவே. அந்த ஆற்றங்கரை நம் ஓடை போய்ச் சேர்கிற ஆறுதான் என்று கண்டுபிடித்ததும் அவர்கள்தான்.

மணி அடிக்கும் சமயம் டார்லா எழுந்து வந்தாள். ஏல வீட்டு அடுப்புக் கதை இருந்த தாளை என் மேஜையில் வைத்தாள்.

"இது தப்பான உறையில இருக்கு மிஸஸ் ஹால்வர்சன். இது நிலத்தைப் பத்தினது இல்லை. நாலாவதுல போடுங்க, 'யார் பேசாமல் இருக்கிறார்கள்'ல."

"மிஸ் ஹால்வர்சன் இங்க வச்சிருக்காங்களேம்மா."

"அப்ப அவங்க ஏலத்துக்குப் போனதில்லை" என்றாள்.

நான் தாளை மாற்றி வைத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் உறையில் கை வைத்தது இது இரண்டாவது தடவை. இந்தத் தடவை மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

வாஸ் குடும்பம் ஜூனில் போகிறது. லெஸ்டருக்கு நெப்ராஸ்காவில் ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனியில் வேலை. நான் எதையும் சரிசெய்துவிட்டதாக நீ நினைத்துவிடக் கூடாது. எண்பது ஏக்கர் எங்கள் பெயரில்தான் இருக்கிறது. உன் அண்ணன் விதை வாங்கிவிட்டார். வகுப்பில் சொன்னதை அவரிடமும் சொன்னேன். "என் பேரை வச்சுப் பாடம் நடத்தினியா?" என்றார். ஆமாம் என்றேன்.  சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர், "லவான் வர்றாளா?" என்றார். இரண்டு வருஷத்தில் உன் பெயர் அவர் வாயில் வந்தது அப்போதுதான். தெரியாது என்றேன்.

நீ வராவிட்டால் மே கடைசி வரை நானே நிற்கிறேன். உட்கார்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஹ்ருஷ்காவிடமும் சொல்லிவிட்டேன். அதனால் எனக்காக நீ வர வேண்டியதில்லை, போன கடிதத்தில் கெஞ்சியதை விட்டுவிடு. எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது, லவான். இரவு முழங்காலில் நின்றால் எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே கட்டிலில் தலையைச் சாய்த்துவிடுகிறேன். களைப்பாக இருக்கிறது என்பதால் மட்டும் ஒருத்தி போகக் கூடாதென்று சொல்ல மாட்டேன். போகலாம். ஆனால் வெள்ளிக்கிழமை வகுப்பில் டார்லா நேருக்கு நேராகக் கேட்டாள்: "மிஸ் ஹால்வர்சனுக்கு இன்னும் உடம்பு சரியில்லையா? திரும்பி வருவாங்களா?" பதினேழு பேரும் என்னையே பார்த்தார்கள். உடம்பு சரியில்லை என்று இத்தனை நாள் சொன்னேன். இனி அதைச் சொல்ல என்னால் முடியாது, ஜெபப் பட்டியலிலும் நாளைக்குப் பெயரை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று பிள்ளைகளிடம் தவணை வாங்கினேன். உன் பதில் அதற்குள் வராது என்று இப்போதுதான் உறைக்கிறது. புதன்கிழமைக்குத் தள்ளிவைக்கிறேன், அதற்கு மேல் முடியாது.

அவர்களிடம் நான் என்ன சொல்லட்டும்? நீ சொல்கிற வார்த்தையை அப்படியே சொல்கிறேன், கூட்டாமல் குறைக்காமல். தாமதிக்காமல் பதில் எழுது.

ஆர்டிஸ்